நிறுத்தி வைத்த ஆட்டம்

தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையிலிருக்கும் சல்லடை மூடி வழியாகத்தான் முதலில் வந்தது. கறுப்பாக, சத்தமில்லாமல். பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே மிதந்து ஹாலுக்கு வந்தது.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புயல் கடலில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது என்று முந்தின நாளே செய்தியில் சொன்னார்கள். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. உடனே எல்லா ஃபேனையும் எல்லா விளக்கையும் அணைத்தேன். பேட்டரியில் இருப்பதெல்லாம் ஒரே ஒரு பொருளுக்குப் போகட்டும் என்று.

அந்தப் பொருள் ஹாலில் பழைய பெட்டி டிவிக்குக் கீழே இருந்தது. டிபன் டப்பா அளவில், வெள்ளையும் அரக்குமாக ஒரு வீடியோ கேம் பெட்டி. முன்பக்கத்தில் குன்றிமணி போல ஒரு சிவப்பு விளக்கு. டிவி அணைந்திருந்தது. பெட்டி அணையவில்லை. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலிருந்து அதை யாரும் அணைக்க நான் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் முத்துகிருஷ்ணன் அதில் ஆடிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடுவது அவர் வழக்கம். நடுவில் எழுந்தார். சட்டை நனைந்திருந்தது. "புழுக்கமா இருக்கு, மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்" என்றார். குளியலறைக் கதவருகில் திரும்பி, "பேச்சி, அதை அணைச்சிராத. இந்தா வந்திருதேன்" என்றார்.

உள்ளே போனவர் அங்கேயே சரிந்து விழுந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் ஏதும் பேசவில்லை. அதனால் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இது வெளியாருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் கடையைப் பற்றிச் சொன்னால் அவ்வளவு தெரியாது.

என் மாமனாரின் அப்பா திசையன்விளையிலிருந்து வந்து, தி.நகர் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தவர். என் கணவர் கல்லாவில் உட்கார ஆரம்பித்ததும் குக்கர் அடுக்குக்கும் டிபன் கேரியர் அடுக்குக்கும் நடுவில் ஒரு அடுக்கைக் காலிசெய்து வீடியோ கேம் பெட்டிகளை வைத்தார். வாங்க வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கு முன்னால் வரலாறு சொல்லுவார். "முதல் தலைமுறையில ஒரு புள்ளி, ரெண்டு கோடு. அந்தப் புள்ளிதான் பந்து. அதுக்கே ஊரே கூடிநின்னு பாத்துச்சு. ரெண்டாந் தலைமுறையில கேசட் மாத்திப் போடலாம்னு வந்துச்சு. கண்டதையும் கேசட்டாப் போட்டுத் தள்ளி, வாங்க ஆளில்லாம, அமெரிக்காக்காரன் பாலைவனத்துல குழிதோண்டிப் புதைச்சான். தொழில் முடிஞ்சுதுன்னே எல்லாரும் நெனைச்சாங்க. அப்பதான் ஜப்பான்காரன் மூணாந் தலைமுறையைக் கொண்டாந்தான்."

"புதைச்சதைத் தோண்டி எடுத்துத்தான் நீ இங்க விக்கியாக்கும்" என்பார் மாமனார், பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டே.

அந்த மூன்றாம் தலைமுறையின் நகல்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பர்மா பஜாரிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வரும். அசல் கேசட் சிலவற்றில் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். விட்ட இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளும். நாங்கள் விற்றதில் அப்படி எதுவும் கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் கல்லாவில் நின்று ஒவ்வொருவருக்கும் நான் ஒரு பாடம் ஒப்பிப்பேன். "டிவியை அணைச்சுக்கோங்க, பெட்டியை அணைக்காதீங்க. சிவப்பு லைட்டு எரியுற வரைக்கும் உங்க ஆட்டம் உள்ள பத்திரமா இருக்கும்." கோபாலபுரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து சண்டையே போட்டார். மகன் பள்ளிக்கூடம் போயிருக்கிறான், பெட்டி பகலெல்லாம் எரிகிறது, சுவிட்சுக்கு மேல் 'தொடாதே' என்று காகிதம் ஒட்டி வைத்திருக்கிறான், நீதானே சொல்லிக்கொடுத்தாய் என்று. நான்தான்.

ஐந்தாம் தலைமுறையில் நினைவுக்கென்றே தனியாக ஒரு சின்ன அட்டை வந்தது. பிறகு பெட்டியே எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டது. இப்போது ஒன்பதாம் தலைமுறை என்கிறார்கள். எங்கே விட்டோம் என்பதை ஏதோ ஊரில் இருக்கும் ஏதோ இயந்திரம் வைத்துக்கொள்கிறது. தலைமுறைக்கு ஒன்றாக எடுத்து ஹால் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார் என் கணவர். ஆனால் ஆடுவதற்கு மூன்றாம் தலைமுறைதான். "நானும் எங்க குடும்பத்துக் கடையில மூணாந் தலைமுறை. எனக்கு இதான் செட்டாவும்" என்பார்.

அதிலும் ஒரே ஒரு கேசட். மேல் சீட்டு எப்போதோ கிழிந்து போனதால் அந்த ஆட்டத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தொப்பி போட்ட குள்ள மனிதன் ஒருவன் பாலம் பாலமாகத் தாண்டிப் போவான். மொத்தம் எட்டுப் பாலம். முப்பது வருடமாக ஆடியும் எட்டாவது பாலத்தை அவர் தாண்டியதில்லை. அன்று, எல்லாம் முடிந்த பிறகு, அவருடைய ஆதார் அட்டையை எடுப்பதற்காக வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. தொப்பிக்காரன் எட்டாவது பாலத்தின் விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றான். மேல் மூலையில் ஒரு தொப்பிப் படம், பக்கத்தில் 6. இன்னும் ஆறு லைஃப் இருக்கிறது, ஆறு முறை விழலாம் என்று அர்த்தம்.

டிவியை மட்டும் அணைத்தேன். அதற்குப் பிறகு அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இதெல்லாம் முன்கதை. தண்ணீர் வந்த அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு பீரோவின் பக்கவாட்டில் ஒரு துருக்கோடு உண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. சோபாவுக்குப் பின்னால் கெண்டைக்கால் உயரத்தில் ஒரு பிளக் போர்டு இருக்கிறது. அந்த வெள்ளம் அதற்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. ஹாலில் இருக்கும் எல்லா போர்டுகளுக்கும் ஒரே இன்வெர்ட்டர் லைன்தான். ஆகவே என் கணக்கு எளிது. தண்ணீர் துருக்கோட்டைத் தாண்டாத வரை ஒன்றும் ஆகாது. அவ்வளவு பெரிய வெள்ளத்திலேயே தாண்டவில்லையே.

இன்வெர்ட்டர் உயரமான இரும்பு ஸ்டாண்டில் இருந்தது. தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். அந்தக் காலத்துக் கனத்த அடாப்டர் அதிலிருந்து தொங்கியது. அதைப் பிடுங்கி வேறு எதிலும் சொருக முடியாது. போன் சார்ஜ் போடும் பவர் பேங்க் எதுவும் அதற்கு ஒத்து வராது.

பிறகு சாமான்களை இரண்டாவது மாடிக்கு ஏற்றினேன். அங்கே அக்பர் பாஷாவும் அவர் மனைவி ஹாஜிரா பீயும் இருக்கிறார்கள். பாஷாவுக்கு விஜயநகர் பக்கம் டயர் கடை. அரிசி, துணிமணி, பத்திரங்கள் என்று சமையலறைப் பின்வாசல் வழியாக நான் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். என் மகள் சிந்து ஹால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பவள். அப்பா போன பிறகு அடிக்கடி இப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. எந்நேரமும் போனை நோண்டி நோண்டி இடது கட்டைவிரலில் காய்ப்பு வேறு. எனக்கு அவள் மேல் சொல்லிக்கொள்ளாத ஒரு கோபம் இருந்தது.

"அரிசி மூட்டையை நான் தூக்குதேன். உள்ள நீ என்னடி பண்ணுத?" என்று கதவைத் தட்டினேன்.

"ஒயரெல்லாம் மேல எடுத்து வச்சிட்டிருக்கேம்மா. பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் என்றாள். நான் நாலைந்து முறை ஏறி இறங்கிய பிறகுதான் கதவு திறந்தது. அதற்குள் ஹாலில் கணுக்கால் நனையும் தண்ணீர். அவள் முகம் வெளுத்திருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"போதும்மா. இன்வெர்ட்டரை அணைச்சிட்டு மேல போயிடலாம்."

"போர்டுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கு."

"ஒரு சாண் ஏற எவ்ளோ நேரம் ஆகும்?"

"பதினஞ்சுலயே ஏறல."

"பதினஞ்சு உனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துதா?"

நான் பீரோவைப் பார்த்தேன். துருக்கோடு தெரிந்தது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

வெளியே மழை ஒரே சுருதியில் கொட்டியது. வாசல் கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்து இப்போது தண்ணீர் தனியாக ஒரு தகடு போல உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. செருப்புகள் கிளம்பிவிட்டன. செய்தித்தாள் கட்டு ஒன்று அவிழ்ந்து, காகிதங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சமையலறைக்குப் போயின.

பாஷா படியிறங்கி வந்து வாசலில் நின்றார். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார்.

"யக்கா, இன்னா இன்னும் உள்ளயே கீற? தண்ணி வந்துகினே கீது, நீ சாமி கும்புட்டுகினு கீற மாதிரி நின்னுகினு கீற."

"வாரேன் தம்பி. நீங்க போங்க."

"இன்வெர்ட்டர ஆஃப் பண்ணியா?"

நான் பெட்டியைப் பார்த்தேன். அவர் சிந்துவைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"பண்ணலயா? யக்கா, எதிர் ஊட்டு ஸ்ரீநாத் சார் பார்க்கிங்ல முட்டித் தண்ணில நின்னுகினு பைக்கைத் தூண்ல கட்டிகினு கீறாரு. அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேறயா? இங்க போர்டு நனைஞ்சா அங்க அவரு உய்ந்துடுவாரு. மேல போயி அவரு பொண்டாட்டி கையில நான் இன்னான்னு சொல்றது?"

"போர்டுக்கு இன்னும் வரல பாஷா."

"வந்தப்புறம் சொல்லி அனுப்புமா அது?" என்றார். பிறகு குரலைத் தணித்தார். அந்த விளக்கு விஷயம் அவருக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "நான் போயி அவர மேல ஏத்தறேன். வர்றதுக்குள்ள ஆஃப் பண்ணிடுக்கா. புண்ணியமாப் போவும்."

அவர் தண்ணீரை உதைத்துக்கொண்டு போனார்.

"நீ மேல போ" என்றேன் சிந்துவிடம்.

"நீ வா."

"போன்னு சொல்லுதேன்."

"நீ இல்லாம போக மாட்டேன்."

அப்போதுதான் பார்த்தேன். அவள் சோபா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட அந்த போர்டுக்குப் பக்கத்தில். வெறுங்காலோடு. வேண்டுமென்றே அங்கே போய் நின்றாளா, தற்செயலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"அங்கருந்து இந்தப் பக்கம் வா."

"நீ அணை. வரேன்."

"சிந்து, விளையாடாத."

"யாரும்மா விளையாடுறது?"

பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். துருக்கோட்டைக் காணவில்லை. தண்ணீர் அதை மூடியிருந்தது. எப்போது மூடியது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். நான் நம்பி நின்ற கணக்கு அதோடு முடிந்தது. போர்டுக்கு நான்கு விரல். வாசல் பக்கமிருந்து அலை அலையாக வந்ததில் சில சமயம் மூன்று.

இருந்தும் என் கை இன்வெர்ட்டர் பக்கம் போகவில்லை. அதை எழுதாமல் இருக்க முடியாது. மகள் அங்கே நிற்கிறாள், தண்ணீர் ஏறுகிறது, கை போகவில்லை. அணைத்துவிட்டால் அவர் கழுவப் போன முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார இடமில்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

"அம்மா" என்றாள் சிந்து. "அதுல அப்பா ஆடின ஆட்டம் இல்ல."

"என்ன?"

"அப்பா நிறுத்தி வச்ச ஆட்டம் அதுல இல்லம்மா. அது எப்பவோ போயிடுச்சு."

"லைட்டு எரியுது."

"லைட்டு எரியும். கரண்ட் வந்தா லைட்டு எரியும், அவ்ளோதான்."

"என்னை வெளிய கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்லுத."

"அப்ப டிவியைப் போடு. போட்டுப் பாரு."

"நீ போடு" என்றேன். அவள் பொய் சொல்கிறாள் என்று நிச்சயமாக நம்பினேன். சோபாவை விட்டு அவளை நகர்த்தவும் அது ஒரு வழி.

நகர்ந்து வந்தாள். ஈரக் கையைச் சன்னல் திரையில் அழுத்தித் துடைத்தாள். டிவியின் பட்டனை அழுத்தினாள். பழைய குழாய் டிவி. உடனே படம் வராது. உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம், தூசி சூடாகும் வாசனை, பிறகு சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். இன்வெர்ட்டர் ஒருமுறை முனகியது. நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்குக் கீழே கறுப்புத் தண்ணீரில் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படம் தெளிந்தது. எட்டாவது பாலம். விளிம்பில் தொப்பிக்காரன். ஒரு காலைத் தூக்கியபடி.

எனக்கு மூச்சு வந்தது. "பாத்தியா" என்றேன். "அப்படியே இருக்கு. ஏன்டி என்னைப் போட்டு..."

"லைஃபைப் பாரு."

மேல் மூலையைப் பார்த்தேன். தொப்பிப் படம் இருந்தது. பக்கத்தில் 1.

"அப்பா வச்சது ஆறு" என்றாள். "எனக்கும் வழக்கமா ஆறு வந்துடும். கூட வந்துச்சுன்னா வேணும்னே விழுந்து குறைச்சுப்பேன். இன்னைக்கு டைம் இல்ல. தண்ணி வந்துட்டே இருந்துச்சு, நீ கதவைத் தட்டிட்டே இருந்த. நாலாவது பாலத்துலயே ரெண்டு போச்சு. ஒண்ணோடதான் வந்து சேர முடிஞ்சுது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அவசர அவசரமாகச் சொன்னாள், கண் போர்டின் மேலேயே இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று கரண்ட் போனதாம். இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டதாம். "எடுத்துக்கிறதுக்குள்ள கண் சிமிட்டுற நேரம் கரண்ட் இருக்காதும்மா. ஃபேனுக்கு அது தெரியாது. இதுக்குத் தெரியும். நீ எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறிட்டிருந்த. நான் சும்மா டிவியைப் போட்டுப் பார்த்தேன். முதல் பாலத்துல நின்னுட்டிருந்தான்."

கல்லாவில் நின்று ஆயிரம் பேருக்கு ஒப்பித்தவள் நான். கரண்ட் போனால் ஆட்டம் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் எங்கள் வீட்டில் கரண்ட் போவதே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். விளக்கைப் பார்த்தேன், எரிந்தது, போதும் என்று இருந்துவிட்டேன்.

"அன்னைக்கே ஆடிக் கொண்டாந்து நிறுத்தினியா?"

"அன்னைக்கு முடியல. எனக்கு மூணாவது பாலமே தாண்டத் தெரியாது. ஒரு மாசம் ஆச்சு எட்டுக்கு வர. அந்த ஒரு மாசமும் நீ எப்ப டிவியைப் போட்டுப் பார்ப்பியோன்னு..." அவள் முடிக்கவில்லை. "அப்புறம் எப்ப கரண்ட் போனாலும் நீ கடைக்குப் போனதும் ஆடி வச்சிடுவேன்."

போனை நோண்டிய காய்ப்பு இல்லை அது.

நான் தண்ணீரில் நடந்து இன்வெர்ட்டரிடம் போனேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். அதன் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். டிவியில் தொப்பிக்காரன் பாலத்தோடு சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தான். பெட்டியின் சிவப்பு விளக்கு மங்கி, அணைந்தது. அதுவரை வீட்டுக்குள் இப்படி ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருந்தது என்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. மழைச் சத்தம் மட்டும்.

"பாஷா அண்ணா, ஆஃப் பண்ணியாச்சு" என்று சிந்து வெளியே பார்த்துக் கத்தினாள். குரல் உடைந்தது. அப்பா போன பிறகு அவள் அழுததை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். படிக்கட்டில் ஏறும்போது அவள் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். ஒயர்கள் நெற்றியில் தொங்கின. நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். படிக்கட்டின் முதல் திருப்பத்தில் நின்று, திறந்திருந்த வாசல் வழியாகப் பார்த்தபோது எங்கள் வீட்டுச் சோபா மெதுவாகச் சுவரை விட்டு விலகி வந்தது. அதற்குப் பின்னாலிருந்த போர்டு தண்ணீருக்குள் போயிருந்தது.

ஹாஜிரா பீ எங்கள் இருவருக்கும் அவருடைய நைட்டிகளைக் கொடுத்தார். எனக்குச் சரியாக இருந்தது. சிந்து போட்டதற்குள் இன்னொருத்தி புகலாம் போல இருந்தது. இஞ்சி போட்ட டீ வந்தது. பாஷா ஸ்ரீநாத்தை மேலே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா இவ்ளோ நேரம்? நான் கூட உள்ள ஒரு பவுன் ரெண்டு பவுன் கீதுன்னு நெனச்சேன்."

"சும்மா இருங்க" என்றார் ஹாஜிரா பீ.

"பைக்கைக் கட்டினவரு இங்க உக்காந்துகினு கீறாரு, பைக்கு நீந்திகினு கீது. அவர யாராச்சும் கேட்டீங்களா? என்னயே சும்மா இருன்னு சொல்லுங்க."

ஸ்ரீநாத் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது டீ டம்ளர் தட்டில் தாளம் போட்டது. சிந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்ற இடம் கண்ணை விட்டுப் போகவில்லை. சிந்து வந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். எங்கள் தெருவில், கார்களுக்கு மேலே, மீன் வாசனையோடு ஒரு படகு. கைக்குழந்தை வைத்திருந்தவர்களை முதலில் ஏற்றிக்கொண்டார்கள். நாங்கள் போகவில்லை. பாஷா வீட்டிலேயே இருந்தோம்.

தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, சுவர் காய்ந்து நாங்கள் கீழே குடிவருவதற்குப் பொங்கல் ஆகிவிட்டது. கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் இருந்தவை பிழைத்தன. கீழ்த்தட்டு முழுவதும் போனது. அவர் வாங்கிய வரிசையில் அடுக்கியிருந்ததால் புதியவைதான் கீழே இருந்தன. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பெட்டிகள். அவற்றைத் திறந்தபோது உள்ளே சேறு வடை மாதிரி உட்கார்ந்திருந்தது. பழைய டிவியும் போய்விட்டது. ரிச்சி தெருவில் தேடி அதேபோல இன்னொன்றை சிந்து வாங்கி வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் அவளிடம் சொன்னேன். "அதைப் போடு. முதல்லருந்து ஆடு. நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல நான் அதை முழுசா உக்காந்து பாத்ததே இல்ல."

உண்மைதான். அவர் ஆடுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாடகை நூலகத்துப் புத்தகம் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன். முதல் பாலத்தில் என்ன இருக்கிறது, இரண்டாவதில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவரைப் போலவே முதுகைக் கொஞ்சம் வளைத்து. ஆடினாள். எனக்கு வாய் ஓயவில்லை. அது என்ன பறக்கிறது, அவன் ஏன் குனிகிறான், அந்தப் பெட்டியை ஏன் உடைக்கிறாய் என்று. "கம்முனு பாரும்மா" என்றாள் இரண்டு முறை. ஒவ்வொரு பாலமாகப் போனது. எட்டாவது பாலத்தின் விளிம்புக்கு வந்ததும், பழக்கத்தில், அவள் விரல் தானாக நிறுத்தும் பட்டனை அமுக்கிவிட்டது. தொப்பிக்காரன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். மூலையில் ஆறு.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு மேல என்ன வரும்?" என்றேன்.

"தெரியாது. நான் போனதே இல்ல. அப்பா இங்கதானே விட்டாரு."

"ஒரு தடவ கூடவா?"

"ம்ஹூம்."

"போ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பட்டனை அமுக்கினாள். தொப்பிக்காரன் காலை ஊன்றினான். பாலம் உடையத் தொடங்கியது, அவன் ஓடினான். பாதியில் விழுந்தான். ஐந்து. மறுபடி விழுந்தான். நாலு. சிந்து பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். நான் காதில் விழாதது போல இருந்தேன். இரண்டு லைஃப் மிச்சம் இருக்கும்போது அந்தக் கரைக்குப் போய்விட்டான்.

அங்கே ஒன்றும் இல்லை. அதே பச்சைத் தரை. அதே மரம். முதல் பாலத்துக்கு முன்னால் இருந்த அதே மலை. அவன் கொஞ்ச தூரம் நடந்தான், பின்னாலிருந்து ஏதோ வந்து இடித்தது, செத்தான். அடுத்ததும் அப்படியே போனது. ஆட்டம் முடிந்தது என்று ஒரு சின்ன இசை வாசித்தது.

"இதுக்குத்தானா முப்பது வருசம்?" என்றேன்.

"பின்னால வர்றதைப் பாக்கலம்மா நான். அடுத்த தடவ குதிச்சிடுவேன்" என்றாள் அவள், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுந்தாள். பெட்டியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டு, "அணைக்கவா?" என்று கேட்டாள்.

"உன் ஆட்டம். உன் இஷ்டம்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.